பிரவுண் தந்த குழாய்

பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளையும் மின்னியற் சோதனைக் கருவிகளையும் பழுது பார்ப்பது எனக்குத் தொழிலன்று, பொழுதுபோக்கு. சிலர் பூந்தோட்டம் வைப்பர். சிலர் முத்திரை சேர்ப்பர். நான் பிறர் கழித்துவிட்ட பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, அவற்றின் முதுகைத் திறந்து வைத்துக்கொண்டு இராப்பொழுதைக் கழிக்கின்றேன். இதனால் வருவாய் ஏதுமில்லை. செலவு உண்டு, வீட்டாரின் முணுமுணுப்பும் உண்டு.

என் மேசையில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள் எப்போதும் எதிரெதிரே இருக்கும். ஒன்று, பழுது பார்க்க வந்த பெட்டியின் படக்குழாய். மற்றையது, அப்பெட்டியின் நோயை அறிவதற்கு நான் பயன்படுத்தும் கதோட்டுக் கதிர் அலைவுகாட்டியின் குழாய். முன்னையது அகன்ற முகமுடையது, வெள்ளொளி காலுவது. பின்னையது உள்ளங்கையளவு வட்டமுகமுடையது, பச்சையொளி காலுவது. ஆயினும் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பரிகாரியும் பிணியாளனும் உடன்பிறந்தாராக இருப்பதைப் போன்றது இது.

இவ்விரண்டுக்கும் தந்தையானவர் கார்ல் பேர்டினன்ட் பிரவுண் என்னும் ஜேர்மானியப் பேராசிரியர். கம்பியில்லாத் தந்தியைப் பற்றிப் படித்த எந்த மாணவனும் மார்க்கோனியின் பெயரைச் சொல்லுவான். மார்க்கோனி நோபல் பரிசு பெற்ற அதே ஆண்டில், அதே பரிசிற் சரிபாதியைப் பெற்றவர் பிரவுண். அவரை அறிந்தவர் நம்மிடையே மிகச் சிலரே. பழைய பெட்டிகளோடு பல்லாண்டு பழகிய நானும் அவரை நெடுங்காலம் அறியாதிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அறிய நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற மாரிகாலத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி என்னிடம் வந்து சேர்ந்தது. இலங்கையில் 1979ஆம் ஆண்டு தொலைக்காட்சி தொடங்கியதை அடுத்து வந்திறங்கிய பெட்டிகளுள் ஒன்று. பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருந்ததை நண்பர் ஒருவர் வழிமறித்து எனக்கு அனுப்பிவைத்தார். அதற்கு இருந்த முதற் பிணியைப் பின்னர் சொல்கின்றேன். அதைத் தீர்த்த பின்னரும் படம் மங்கலாகவே தெரிந்தது. காரணம் குழாயிலேதான் இருந்தது. இலத்திரன்களை வெளிவிட வேண்டிய கதோட்டு களைத்துப் போயிருந்தது. ஒரு தடையியோ ஒடுக்கியோ பழுதானால் புதியது வாங்கி வைத்துவிடலாம். படக்குழாய் அப்படியன்று. அதைக் கடையிற் சென்று கேட்டு வாங்கும் காலம் போய்விட்டது. இருப்பதைக் காப்பாற்றினால் உண்டு. இல்லையேல் அந்தப் பெட்டி வெறும் பலகைக்கூடு. என்ன செய்வதென்று தீர்மானிக்க மாட்டாமல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்த நாட்களிலேதான், அதை முதன்முதலில் ஆக்கியவரின் சரித்திரத்தைத் தேடிப் படிக்கலானேன்.

பிரவுண் 1850ஆம் ஆண்டு ஜூன் மாதம் 6ஆந் திகதி ஜேர்மனியின் நடுப்பகுதியிலுள்ள புல்டா என்னும் பட்டினத்திற் பிறந்தார். தந்தையார் ஓர் அரசாங்க உத்தியோகத்தர். பிள்ளைகள் பலர் இருந்த நடுத்தரக் குடும்பம். தமையனாருள் ஒருவரான வூனிபால்ட், பிற்காலத்தில் ஹார்ட்மன் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து பிராங்போட் நகரில் மின்னளவுக் கருவிகள் செய்யும் தொழிலை நடத்தினார். ஹார்ட்மன் அன்ட் பிரவுண் என்ற பெயர் பழைய அளவுக் கருவிகளின் முகத்திற் பொறிக்கப்பட்டிருப்பதைக் கருவி சேர்ப்போர் கண்டிருப்பர். ஆக, அளந்து பார்க்கும் ஆசை அந்தக் குடும்பத்தின் இரத்தத்தில் ஓடியது போலும்.

இளைய பிரவுண் மார்பூர்க்கிலும் பின்னர் பேர்ளினிலும் கற்று, 1872இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருள் அதிரும் இழைகள். இது கவனிக்கத்தக்கது. அதிர்வது, துடிப்பது, கண்ணுக்குப் பிடிபடாமல் ஓடுவது எதுவோ அதையே அவர் மனம் தொடக்கம் முதல் நாடியிருக்கின்றது. பட்டம் பெற்றபின் குவிங்கே என்னும் பேராசிரியருக்கு உதவியாளராக இருந்தார். 1874இல் லைப்சிக் நகரின் தோமஸ் பாடசாலையில் ஆசிரியராகச் சேர்ந்தார். இசைமேதை பாக் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக முன்னர் பாட்டுக் கற்பித்த அதே பழம்பெரும் பாடசாலை அது.

பாடசாலை வாத்தியாராக இருந்த அக்காலம் வீணாகவில்லை. சிறுவர்கள் தாமாகவே கணிதத்தையும் இயற்கையையும் ஆராய்ந்து பழகும்படி ஒரு நூல் எழுதினார். நகைச்சுவைப் பத்திரிகைக்கும் எழுதும் வழக்கம் அவருக்கு இருந்தது. பெரிய விஞ்ஞானிகளை நாம் உர்ரென்ற முகத்துடனேயே கற்பனை செய்து பழகிவிட்டோம். பிரவுண் அப்படிப்பட்டவரல்லர், மாணவரைச் சிரிக்க வைத்துப் பாடஞ் சொல்லும் இயல்பினர்.

அந்த லைப்சிக் வாசத்திலேதான் அவருடைய முதலாவது பெருங் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. கலேனா முதலிய உலோகச் சல்பைட்டுப் படிகங்களின்மீது ஓர் உலோக முனையைத் தொடவைத்து மின்னோட்டத்தைச் செலுத்திப் பார்த்தார். ஒரு திசையிற் சென்ற அளவு ஓட்டம் மறுதிசையிற் செல்லவில்லை. படிகம் ஒருவழிப் பாதையைப் போல நடந்துகொண்டது. 1874இல் இதை எழுதி வெளியிட்டார். பலர் நம்பவில்லை. நம்பியவருக்கும் அதனால் ஆகக்கூடிய பயன் விளங்கவில்லை. கால் நூற்றாண்டு கழிந்து வானொலி அலைகளைப் பிடிக்க வேண்டிய தேவை வந்தபோதுதான், பிரவுண் தாமே அந்தப் படிகத்தை மீண்டும் தூக்கி எடுத்தார். நம் பாட்டன்மார் காதிற் பொருத்திக் கேட்ட படிக வானொலி அதிலிருந்து வந்ததே. என்னிடமுள்ள கறுப்பு வெள்ளைப் பெட்டியிற்கூட, வந்த அலையிலிருந்து படத்தைப் பிரித்தெடுக்கும் இடத்தில் அரிசிமணியளவான கண்ணாடிக்குள் ஒரு யேர்மானியப் படிகமும் அதைத் தொட்டு நிற்கும் நுண்கம்பியும் இருக்கின்றன. யேர்மானியம் என்பது அந்தத் தனிமத்தின் பெயர், நாட்டைக் குறித்ததன்று. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்தக் கம்பி தெரியும். அந்த அமைப்பை லைப்சிக் வாத்தியார் கண்டால் தம்முடையதென்று உடனே அடையாளங் கண்டுகொள்வார்.

அதன்பின் அவர் ஊர் ஊராக மாறினார். மார்பூர்க், ஸ்ற்றாஸ்பூர்க், கார்ல்ஸ்ரூ, ரூபிங்கன் என்று சர்வகலாசாலைப் பதவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1885இல் அமேலி என்னும் மாதரசியை மணந்தார். இரண்டு ஆண்மக்களும் இரண்டு பெண்மக்களும் பிறந்தனர். ரூபிங்கனில் ஒரு பௌதிக ஆராய்ச்சி நிலையத்தை அமைக்க உழைத்தார். மின்னழுத்தத்தை அளக்கும் ஊசிக்கருவி ஒன்றையும் ஆக்கினார். அது பள்ளி ஆய்வுகூடங்களில் நெடுங்காலம் அவர் பெயராலேயே வழங்கிற்று. 1895இல் ஸ்ற்றாஸ்பூர்க் சர்வகலாசாலைக்குத் திரும்பி, அங்கிருந்த பௌதிக நிலையத்தின் தலைமையை ஏற்றார். ஸ்ற்றாஸ்பூர்க் இன்று பிரான்சு நாட்டின் நகரம். 1871 முதல் 1918 வரை அது ஜேர்மனியின் வசமிருந்தது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, குழாயின் கதைக்கு வருகின்றேன்.

அக்காலத்தில் ஐரோப்பிய நகரங்களிற் பெரிய மின்நிலையங்கள் எழுந்துகொண்டிருந்தன. அவை தந்தது பெரும்பாலும் ஆடலோட்டம்; அஃதாவது, விநாடிக்குப் பன்முறை முன்னும் பின்னுமாகத் திசை மாறும் ஓட்டம். அது எவ்வண்ணம் ஏறுகின்றது, எவ்வண்ணம் இறங்குகின்றது, அதன் உருவந்தான் யாது என்பதைக் கண்ணாற் காண எளிய வழி இருக்கவில்லை. ஊசி வைத்த அளவுக்கருவியாற் பயனில்லை; ஊசிக்குப் பாரமுண்டு. அது இந்தப் பக்கம் நகரத் தொடங்குமுன் ஓட்டம் அந்தப் பக்கம் திரும்பிவிடும். எனவே, பாரமே இல்லாத ஓர் ஊசி வேண்டும். பிரவுண் கண்டுபிடித்த பாரமில்லாத ஊசி கதோட்டுக் கதிர்.

காற்றை வெளியேற்றிய கண்ணாடிக் குழாயில் மிகவுயர்ந்த மின்னழுத்தத்தைக் கொடுத்தால், எதிர்வாயாகிய கதோட்டிலிருந்து ஒருவகைக் கதிர் புறப்படும் என்பதை விஞ்ஞானிகள் முன்னரே அறிந்திருந்தனர். 1895இல் றொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டதும் இத்தகைய குழாயிலேதான். ஆனால், அந்தக் கதோட்டுக் கதிர் எதனால் ஆனது என்பது முற்றாகத் தெளிவாகவில்லை. பிரவுண் அந்த வாதத்தில் இறங்காமல், கதிர் காந்தத்துக்கு வளைந்து கொடுக்கும் என்ற ஒன்றை மாத்திரம் எடுத்துக்கொண்டார். பொன் நகரிலிருந்த பிரான்ஸ் முல்லர் என்னும் கண்ணாடித் தொழிலாளர் அவருக்காக ஒரு நீண்ட குழாய் செய்து கொடுத்தார். உள்ளே ஒரு சிறு துவாரமிட்ட தகடு, கதிரை மெல்லியதாக்குவதற்கு. மறுமுனையில், ஒளிரும் பொருள் பூசிய மைக்காத் திரை. கதிர் விழுந்த இடத்தில் ஒரு பொட்டு ஒளிர்ந்தது. குழாயின் கழுத்தருகே ஒரு கம்பிச் சுருளை வைத்து, அதனூடே ஆராயவேண்டிய ஓட்டத்தைச் செலுத்தினார். ஓட்டத்துக்கேற்பப் பொட்டு மேலுங் கீழும் ஓடிற்று; அவ்வோட்டத்தின் விரைவிற் பொட்டு ஒரு கோடாகத் தோன்றிற்று. அந்தக் கோட்டைச் சுழலும் கண்ணாடியொன்றிற் பார்த்தபோது, கோடு விரிந்து அலையாயிற்று. மின்னோட்டத்தின் உருவத்தை அவ்வாறு அவர் கண்டார்.

இதை அவர் வெளியிட்ட நாள் 1897ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆந் திகதி. இங்கே ஒரு சிறு புதுமையைச் சொல்லிச் செல்கின்றேன். நமது ரூபவாஹினி தன் ஒளிபரப்பைத் தொடங்கியது 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆந் திகதி. சரியாக எண்பத்தைந்து ஆண்டுகள்! நாள் குறித்தவர்கள் பிரவுணை நினைத்துக் குறித்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை, தற்செயலே. ஆயினும் இதைக் கண்ட அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி, இருபது ஆண்டு பழைய ஒடுக்கி ஒன்று நல்ல நிலையில் இருக்கக் கண்டாற் போன்றது.

பிரவுண் இக்குழாய்க்கு ஆக்கவுரிமை எடுக்கவில்லை. கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் உரிய கருவியாகவே அதைக் கருதினார். எவரும் செய்துகொள்ளலாம், எவரும் திருத்திக்கொள்ளலாம். அவ்வாறே பலரும் திருத்தினர். அவருடைய உதவியாளர் யொனதன் சென்னெக், 1899இற் சுழலும் கண்ணாடியை அகற்றிவிட்டு, பொட்டை இடமிருந்து வலமாக ஒரே சீராக இழுத்துச் செல்லும் இரண்டாவது ஓட்டத்தைச் சேர்த்தார். அலை திரையிலேயே விரிந்து நின்றது. பின்னர் வேனெல்ட் என்பவர், சூடாக்கிய கதோட்டைப் பயன்படுத்தி, பல்லாயிரம் வோல்ற்றுக் கொடுக்க வேண்டிய தேவையைக் குறைத்தார். என் மேசையிலுள்ள அலைவுகாட்டியில் இந்த மூவரும் இருக்கின்றனர்: கதிர் பிரவுணுடையது, இடம்வல ஓட்டம் சென்னெக்குடையது, பின்புறத்திற் சிவந்து எரியும் இழை வேனெல்ட்டுடையது.

இதனுடைய அருமை பழுது பார்ப்பவனுக்குத்தான் தெரியும். முன்னர் சொன்ன கறுப்பு வெள்ளைப் பெட்டி என்னிடம் வந்தபோது அதன் திரையிற் படம் இல்லை. நடுவே குறுக்காக ஒரே ஒரு வெண்கோடு மாத்திரம் எரிந்துகொண்டிருந்தது. பெட்டி திறந்து பழகியவர்களுக்கு இது தெரிந்த பிணிதான். படக்குழாயிற் பொட்டை இடம்வலமாக இழுப்பது ஒரு பகுதி. மேல்கீழாக இழுப்பது மற்றொரு பகுதி. மேல்கீழ்ப் பகுதி வேலை செய்யாவிட்டால் 625 வரிகளும் ஒன்றன்மேல் ஒன்றாய் விழுந்து ஒரே கோடாகிவிடும். முதற்காரியமாக ஒளியைக் குறைத்துவிட வேண்டும். அல்லாவிட்டால் அந்தக் கோடு திரையிலே நிரந்தரமாகச் சுட்ட வடுவை உண்டாக்கிவிடும். ஒளியைக் குறைத்துவிட்டுச் சற்று நேரம் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்ற்றாஸ்பூர்க்கில் 1897இல் ஒருவர் பார்த்ததும் இப்படி ஒரு கோட்டையே. அவருடையது நெட்டாக நின்றது, என்னுடையது படுத்துக் கிடந்தது என்பதுதான் வேறுபாடு.

பின்னர் அலைவுகாட்டியின் முனையை எடுத்துக்கொண்டு, மேல்கீழ்ப் பகுதியை அடியிலிருந்து ஒவ்வோரிடமாகத் தொட்டுப் பார்த்து வந்தேன். மெல்ல ஏறிச் சடுதியாக விழும் ஓர் அலை அங்கே இருக்க வேண்டும். வாட்பல்லைப் போன்ற உருவம். பிறக்கும் இடத்தில் இருந்தது. பெருக்கும் இடத்தில் இருந்தது. வெளிவரும் டிரான்சிஸ்டரிலும் இருந்தது. குழாயின் கழுத்தைச் சுற்றியுள்ள சுருளுக்குப் போகும் கம்பியில் இல்லை. இரண்டுக்கும் இடையே நிற்பது ஒரே ஒரு பொருள்: பெருவிரலளவான ஒடுக்கி. கழற்றிச் சோதித்தேன், உள்ளே உலர்ந்து ஒன்றுமில்லாமற் போயிருந்தது. புதியதை வைத்து ஈயம் பற்றவைத்ததும் கோடு மலர்ந்து திரை நிறைந்தது. அலைவுகாட்டி இல்லாவிடில் இருபது பொருள்களை மாற்றி மாற்றிப் பார்த்துச் சலித்திருப்பேன். அப்படிச் சலித்த காலமும் எனக்கு உண்டு. ஒருமுறை, குழாயின் பக்கத்திலுள்ள உயர் மின்னழுத்த முனையை நிலத்துக்கு இறக்காமல் தொட்டுவிட்டு, மேசையை விட்டு இரண்டு முழம் தள்ளி விழுந்தேன். பெட்டியை அணைத்து ஒரு நாள் கழிந்த பின்னுங்கூட அந்தக் கண்ணாடி பல ஆயிரம் வோல்ற்றைத் தனக்குள் வைத்துக் காத்திருக்கும். புதிதாக இந்தப் பொழுதுபோக்கில் இறங்குவோர் இதை முதலில் அறிந்துகொள்வது நலம்.

குழாயை வெளியிட்ட மறுவருடம், 1898இல், பிரவுண் வேறொரு துறையில் இறங்கினார். மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தி அப்போது பெரும் புகழ் பெற்றிருந்தது. ஆனால் அது சென்ற தூரம் குறைவு. மார்க்கோனி, மின்பொறியை நேரே வான்கம்பியிலேயே பாயவிட்டார். பொறியைப் பெரிதாக்கினாலும் தூரம் அதற்கேற்பக் கூடவில்லை. பிரவுண் யோசித்தார். பொறியை வான்கம்பியினின்றும் பிரித்தெடுத்து, ஒடுக்கியும் சுருளுங் கொண்ட மூடிய சுற்றொன்றில் வைத்தார். அங்கே சேர்ந்த சக்தியை, ஒன்றையொன்று தொடாத இரு சுருள்களின் வழியாக வான்கம்பிக்கு ஊட்டினார். இதனாற் சக்தி பெருகிற்று. வேண்டிய அலைநீளத்துக்குச் சுருதி சேர்க்கவும் முடிந்தது. வட கடலோரத்திற் குக்ஸ்ஹாபன் துறைமுகத்திற் பரிசோதனைகள் நடந்தன. 1900ஆம் ஆண்டில் அங்கிருந்து ஹெல்கோலாந்துத் தீவுக்கு, அறுபது கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம் செய்தி சென்றது. குறித்த திசையில் மாத்திரம் அலையைச் செலுத்தும் வான்கம்பி முறையையும் பின்னர் வகுத்தார்.

இம்முறைக்கு அவர் ஆக்கவுரிமை எடுத்தார். கம்பனிகள் உருவாகின. போட்டிக் கம்பனிகள் ஒன்றாக இணைந்து 1903இல் டெலிபங்கன் பிறந்தது. வான்கம்பிச் சுற்றுப் பற்றிய அந்தக் கண்டுபிடிப்புக்காகவே 1909இல் மார்க்கோனியோடு பிரவுணுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. குழாய்க்காக அன்று. குழாயை யார் கண்டார்? அது ஆய்வுகூடத்து மூலையிலே கிடந்த பொருள்.

அந்த மூலைப் பொருளிற் படம் காட்டலாம் என்ற எண்ணம் அவருடைய மாணவ பரம்பரையிலேயே எழுந்தது. 1906இல் மக்ஸ் டீக்மன், குஸ்தாவ் கிளாகே என்னும் இருவர் பிரவுண் குழாயைக் கொண்டு எழுத்துக்களையும் கோட்டுருவங்களையும் தொலைவிற் காட்டும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றனர். அடுத்த ஆண்டே இரசியாவிற் போரிஸ் ரோசிங் என்பவரும் அதே வழியில் முயன்றார். 1926இல் ஜப்பானியராகிய தகயனாகி தம் மொழியின் எழுத்தொன்றைக் குழாயின் திரையில் தோன்றச் செய்தார். அதனாலேயோ என்னவோ, ஜப்பானியர் படக்குழாயைப் பிரவுண் குழாய் என்றே வழங்கி வந்தனர், ஜேர்மானியரும் அவ்வாறே. ஆங்கிலத்தின் வழியே விஞ்ஞானம் கற்ற நமக்கு அப்பெயர் வந்து சேரவில்லை. பிரவுணோ, தொலைவிற் படங் காட்டும் முயற்சிகளில் ஈடுபாடு காட்டியதாகத் தெரியவில்லை. ஓட்டத்தின் உண்மையுருவத்தைக் காண்பதற்கென்று செய்த கருவியில் நாடகம் பார்ப்பார்கள் என்று எவர்தாம் நினைத்திருக்க முடியும்?

1914இல் உலக யுத்தம் மூண்டது. நியூயோர்க்கை அடுத்த நீண்ட தீவில், செய்வில் என்னும் இடத்தில், டெலிபங்கன் முறைப்படி அமைந்த பெரிய வானொலி நிலையம் ஒன்று இருந்தது. ஆங்கிலேயர் ஜேர்மனியின் கடலடிக் கம்பிகளை அறுத்துவிட்டமையால், அமெரிக்காவுடன் ஜேர்மனிக்கு எஞ்சியிருந்த மிகச் சில வழிகளுள் அதுவும் ஒன்று. அந்த நிலையம் தங்கள் ஆக்கவுரிமையை மீறுகின்றதென்று மார்க்கோனி கம்பனியார் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். சாட்சி சொல்லப் பிரவுண் போக வேண்டியதாயிற்று. வயது அறுபத்துநான்கு, உடல்நலமும் குன்றியிருந்தது. ஆங்கிலேயக் கடற்படையின் முற்றுகையைத் தாண்டி, நோர்வே வழியாகக் கப்பலேறி, சென்னெக்குடன் நியூயோர்க்கை அடைந்தார்.

வழக்கு இழுபட்டது. இத்தாலி யுத்தத்தில் இறங்கவே மார்க்கோனியும் 1915இல் நாடு திரும்பிவிட்டார். பிரவுணால் திரும்ப முடியவில்லை. கடல் முழுவதும் எதிரியின் கப்பல்கள். புறூக்ளினில் வசித்த மகனின் வீட்டில் தங்கினார். 1917 ஏப்ரிலில் அமெரிக்காவும் யுத்தத்திற் சேர்ந்தபோது அவர் எதிரிநாட்டுப் பிரசையானார். சென்னெக்கைப் பிடித்துக் காவலில் வைத்தனர். கிழவராகிய பிரவுண், ஸ்ற்றாஸ்பூர்க்கையும் தம் ஆய்வுகூடத்தையும் மீண்டும் காணாமலே, 1918ஆம் ஆண்டு ஏப்ரில் 20ஆந் திகதி புறூக்ளினிற் காலமானார். யுத்தம் முடிய இன்னும் ஏழு மாதங்கள் இருந்தன. முடிந்தபோது ஸ்ற்றாஸ்பூர்க் பிரான்சுக்குப் போய்விட்டது. உயிரோடிருந்து திரும்பியிருந்தாலும் அவருடைய ஆசனம் அங்கே இருந்திராது. அவருடைய அஸ்தி பிற்பாடு பிறந்த ஊராகிய புல்டாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று உறுத்திற்று. உரிமை கோரிப் பெற்ற கண்டுபிடிப்பே அவருக்குப் பரிசையும் புகழையும் கொடுத்து, ஈற்றில் அந்நிய மண்ணுக்கும் இழுத்துச் சென்றது. பொறி வீசும் அந்த அனுப்பியை இன்று நூதனசாலையிலேதான் காணலாம். உரிமை கோராது விட்ட குழாயோ உலகெங்கும் கோடிக்கணக்கான வீடுகளுக்குட் புகுந்தது. ஆனால் அதனால் அவர் கண்ட இலாபம் யாதென்று கேட்டால், சொல்ல ஒன்றுமில்லை. இந்தக் கணக்கை நேர்செய்ய என்னால் முடியவில்லை.

பெட்டியின் கதை எஞ்சியிருக்கின்றது. களைத்த கதோட்டுக்கு இரண்டு வைத்தியம் உண்டு. ஒன்று கடுமையானது: கதோட்டுக்கும் அதை அடுத்த தகட்டுக்கும் இடையே சில கணம் பெரிய ஓட்டத்தைப் பாய்ச்சி, மேற்பரப்பிற் படிந்த கழிவை எரித்துவிடுவது. பலித்தாற் குழாய் இளமை பெறும். பலிக்காவிட்டால் அந்தக் கணத்திலேயே செத்துப் போகும். இதற்கென்றே செய்த கருவியொன்று என் அலுமாரியில் இருக்கின்றது. அதனால் முன்னர் மூன்று குழாய்களை எழுப்பியிருக்கின்றேன், இரண்டைக் கொன்றுமிருக்கின்றேன். மற்றது மென்மையானது: சூடாக்கும் இழைக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைச் சற்றே கூட்டுவது. அதனால் வரும் நன்மை சிறிது. நிலைப்பதும் எவ்வளவு காலமென்று சொல்ல முடியாது.

பல நாள் அந்தக் கருவியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஈற்றில் அதை அலுமாரியிலேயே வைத்துப் பூட்டிவிட்டேன். சிறிய டிரான்ஸ்போமர் ஒன்றைச் சுற்றி, இழையின் மின்னழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தேன். சதுரக் கோலம் தரும் சோதனைக் கருவியை இணைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. பின்னர் கோடுகள் மெல்ல மெல்லத் துலங்கின. முழு வெண்மையில்லை, விளக்கை அணைத்துவிட்டால் நன்றாகப் பார்க்கலாம். அறை விளக்கை அணைத்தேன். மேல் மூலையிற் கோடுகள் சற்று வளைந்திருக்கக் கண்டேன். சுருளின் ஓரத்திலுள்ள சிறு காந்தத்தைத் திருப்பினாற் சரிவந்துவிடும். அந்த வேலையை மறுநாளைக்கு வைத்துக்கொண்டேன்.